எட்டு றாத்தல் காற்று

என் தங்கை தன் கணவரின் கார் எஞ்சினுக்கு அரக்கு முத்திரை வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. பெரும்போக வெள்ளாமை வெட்டி, றோட்டில் காயப்போட்டிருந்த நெல்லெல்லாம் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது. என் நாட்குறிப்பில் நேரமும் இருக்கிறது: அஸர் தொழுகைக்குப் பிறகு, நான்கு ஐம்பது. நான்கு ஐம்பத்தைந்துக்கு மச்சான் எதிர்ப்பைக் கைவிட்டார்.

தங்கை ஆசிரியை. பரீட்சை மண்டபங்களில் விடைத்தாள் கட்டுகளை நூலால் கட்டி, முடிச்சின்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றிப் பழகிய கை. அன்றும் அதே நூல், அதே அரக்கு, ஒரு மெழுகுதிரி. காரின் முன்மூடியைத் திறந்து, உள்ளே கச்சான், அதாவது நிலக்கடலை அளவில் இருந்த ஒரு பித்தளைக் குமிழைச் சுற்றி நூலை மூன்று தடவை இறுக்கினாள். அரக்கைச் சொட்டவிட்டு, அது ஆறுவதற்கு முன் தன் கல்யாண மோதிரத்தை அதில் அழுத்தினாள்.

"இனி ஆராச்சும் இதத் திருகினா எனக்குத் தெரியும்," என்றாள்.

"ஆராச்சுமா? இந்த ஊட்டுல என்னத் தவிர இதத் திருக ஆரு புள்ள இரிக்கா?" என்றார் மச்சான்.

"அதத்தானே நானும் சொல்றன்."

எஞ்சின் சூட்டில் அரக்கு இளகாதா என்று நான் கேட்டேன். இப்படியான கேள்விகளைக் கேட்பதற்காகவே என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். குமிழ் இருந்தது பெற்றரிக்குப் பக்கத்தில், சூடு குறைந்த மூலையில். "இளகினாலும் பரவாயில்ல காக்கா. நீங்க பக்கத்துல இருப்பீங்கதானே. நீங்கதான் சாட்சி," என்றாள். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். எழுத்துவேலை என் தொழில். நீர்ப்பாசனக் கந்தோரில் இருபது வருடமாகக் குளத்து நீர்மட்டம் எழுதுகிறேன். ஆனால் ஒரு குமிழுக்குச் சாட்சியாக நியமிக்கப்பட்டது அதுதான் முதல்தடவை.

அந்தக் குமிழ் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மச்சானின் கார் ஜப்பானில் செய்த சின்ன வெள்ளைக் கார். அதில் டேர்போ உண்டு. எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சிறு சக்கரத்தை, சில்லை, சுழற்றும். அந்தச் சில்லோடு சேர்ந்து சுற்றும் இன்னொரு சில்லு வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். கூடுதல் காற்று, கூடுதல் பெற்றோல், கூடுதல் ஓட்டம். எவ்வளவு அமுக்கலாம் என்பதைத்தான் குமிழ் தீர்மானிக்கிறது. அந்த அமுக்கத்துக்கு எல்லோரும் சொல்லும் பெயர் பூஸ்ட். டயருக்குக் காற்று அடிப்பதைப் போல அதையும் நாங்கள் றாத்தலில், அதாவது பவுண்டில் சொல்வோம். குமிழை ஒருபக்கம் திருகினால் றாத்தல் ஏறும். ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிஸ்டன் உடைந்து எஞ்சின் முடிந்துவிடும்.

மச்சானின் எஞ்சினுக்குக் கண்டுபிடித்த எல்லை எட்டு றாத்தல். அடுத்த நாள் சனிக்கிழமை, அவர் தன் வாழ்க்கையில் முதன்முதலாக அந்தக் காரை ஒரு ஓட்டப்பாதையில் ஓட்டப் போகிறார். தங்கையின் நிபந்தனை ஒன்றுதான்: எட்டுக்கு மேல் போய் எஞ்சின் உடைந்தால், கார் அடுத்த நாளே பழைய இரும்புக்காரனுக்கு; மறுபேச்சு கிடையாது. மச்சான் ஒப்புக்கொண்டார். நான் அதை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது அவர் பேனாவைப் பிடித்த விதத்தில் பகிடி எதுவும் இருக்கவில்லை. அந்த எஞ்சின் அவருக்கு ஐந்து வருடம்.

அது ஒருமுறை செத்துப் பிழைத்த எஞ்சின். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அதனால் மச்சானும் தங்கையும் கடற்கரையோரமிருந்த தங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் ஏறி என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நாங்கள் இடியப்பத்தில் கைவைத்திருந்த நேரம் கடல் ஊருக்குள் வந்தது. தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு அத்திவாரத்தோடு போனது. காரைக் கடல் இரண்டு மதிலுக்கு மேலால் தூக்கிக்கொண்டுபோய், ஊரின் உப்புநீர் வாய்க்காலான தோணாவுக்குள் மூக்குக் குத்த வைத்துவிட்டுப் போயிருந்தது. ஐந்தாம் நாள்தான் கண்டோம். அந்த ஐந்து நாளும் ஒருவரும் கார் தேடவில்லை. அந்தக் கிழமை நான் எழுதியது முழுக்க ஆட்களைப் பற்றியது. அது வேறு நோட்டு, அதை இங்கே திறக்கமாட்டேன்.

மச்சான் பசாரில் செருப்புக்கடை வைத்திருப்பவர். கடைக்குள் இருந்த சரக்கில் சோடி சேர்ந்தது ஒன்றுகூட மிஞ்சவில்லை. வீடில்லை, சரக்கில்லை, ஆனால் தோணாவிலிருந்து காரை இழுத்தெடுத்த அன்று மாலை அவர் கேட்ட முதல் கேள்வி, எஞ்சினுக்குள் போன உப்புத்தண்ணீர் எத்தனை நாளில் இரும்பைத் தின்னும் என்பதுதான். அதை மனநிலை குலைந்தவரின் கேள்வி என்று அன்று எழுதிவைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். மனிதருக்கு அந்த நேரம் பழுதுபார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

கேள்விக்குப் பதில் சொன்னவர் சொறிக்கல்முனையைச் சேர்ந்த மெக்கானிக். எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுவோம். உழவு மெசினும் வெள்ளாமை வெட்டும் மெசினும் லொறியும்தான் அவருடைய உலகம். டேர்போ லொறியிலும் இருப்பதால் அது அவருக்குப் புதிதில்லை. அவர் எஞ்சினைக் கழற்றி, தெரிந்த ஒரு அரிசி ஆலையில் நெல் ஊறப்போடும் தொட்டிக்குள் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் போட்டார். பிறகு டீசலில்.

"நெல்லு ஊறினா முளைக்கும் பாஸ், இது என்ன செய்யும்?" என்று நான் கேட்டேன்.

"இதுவும் முளைக்கும் கிளாக்கர். கொஞ்சம் நாள் எடுக்கும்," என்றார்.

ஐந்து வருடம் எடுத்தது. மச்சானுக்கு நிவாரணமாக ஒரு கூடாரம் கிடைத்திருந்தது. குடும்பம் என் வீட்டில் தங்கியதால் கூடாரத்துக்குள் எஞ்சின் தங்கியது. ஒருநாள் ஒரு உத்தியோகத்தர் பட்டியலோடு வந்து, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டுத் திரையை விலக்கினார். பன்புல்லுப் பாயில் நான்கு பிஸ்டன்களும் வரிசையாகப் படுத்திருந்தன. ஈரம் படாமல் மேலே ஒரு போர்வை. அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "நாலு பேர்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் கண்ணால் கண்டதை எழுதினார் என்பதால் நான் திருத்தவில்லை.

சாமான்கள் கொழும்பிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. அவை வந்த வருடங்கள் சோதனைச் சாவடி வருடங்கள். பஸ்ஸில் மடியில் ஒரு பிஸ்டனை வைத்துக்கொண்டு வந்த பயணத்தில், பதினொரு இடத்தில் இறங்கி அது என்னவென்று விளக்கியிருக்கிறோம். பாஸுக்கு இன்னும் கஷ்டம். சொறிக்கல்முனையிலிருந்து எங்கள் ஊரான கல்முனைக்கு வர, அவர் ஒவ்வொரு நாளும் இரண்டு சாவடி தாண்டவேண்டும். கையில் எப்போதும் இரும்பாக ஏதாவது இருக்கும். சில நாள் ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைப்பார்கள். மணல்மூட்டையைக் கண்டால் வேகத்தைக் குறைப்பது, கண்ணாடியை இறக்குவது, அடையாள அட்டையை எடுப்பது எல்லாம் சோறு தின்பதைப் போல யோசனையில்லாமல் நடக்கும் காரியங்களாகிவிட்டன.

எட்டு றாத்தலைக் கண்டுபிடித்த முறையையும் எழுதவேண்டும். அதில் என் பங்கும் இருக்கிறது. சவளக்கடைக்குப் போகும் வயல் றோட்டில், நெல் காயாத நாளாகப் பார்த்து, காலை ஆறரைக்குப் போவோம். ஐந்து றாத்தலில் தொடங்கினோம். ஒவ்வொரு கிழமையும் அரை றாத்தல் ஏற்றுவது. ஒரே தூரம் ஓடுவது. நிறுத்தி, பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்ப்பது. பாஸ் நீளமான ஒரு திருப்புளியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து டொக்டர் மாதிரிக் கேட்பார். நான் திகதி, வெயில், றாத்தல், நிறம் நான்கையும் எழுதுவேன். ஒன்பது றாத்தலில் அந்தச் சத்தம் வந்தது: தகரப்பேணிக்குள் கச்சானைப் போட்டுக் குலுக்கியதைப் போல. எஞ்சினுக்குள் பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடிக்கும் சத்தம் அது. பிஸ்டனை ஓட்டையாக்குவது அதுதான்.

"இதுக்கு மேல ஒரு அடி வேணா," என்றார் பாஸ். "எட்டுல நிப்பாட்டு மனே. நம்மட ஊரு பெற்றோலுக்கும் இந்த வெயிலுக்கும் எட்டே கூட. இன்னொரு எஞ்சினுக்கு நான் எங்க போற?"

டேர்போக் காரை ஓட்டி நிறுத்தியதும் அணைக்கக்கூடாது, ஒரு நிமிடமாவது சும்மா இயங்கவிட்டு ஆறவைக்கவேண்டும் என்பதும் பாஸின் கட்டளை. மச்சான் வீட்டு வாசலில் ஒவ்வொரு நாளும் காருக்குள் ஒரு நிமிடம் அசையாமல் குந்தியிருப்பார். வீட்டுக்குள் போகப் பயப்படுகிறார் என்று அயலில் ஒரு கதை பரவியது. தங்கை அதை மறுக்கவுமில்லை.

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் புறப்பட்டோம். மச்சான் ஓட்ட, பக்கத்தில் நான். பின்னால் பாஸ், சாப்பாட்டுப் பார்சல்கள், திருத்தவேண்டிய நாற்பது விடைத்தாள்களோடு தங்கை. அவள் ஏன் வருகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இடம் அம்பாறைக்கு அப்பால், காட்டோரம், விமானம் இறங்கி நெடுநாளாகிவிட்ட ஒரு பழைய ஓடுபாதை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் போய், கிறுகி, பக்கத்துப் பாதையால் வளைந்து வந்தால் ஒரு சுற்று. போட்டியில்லை, பரிசில்லை. அவரவர் காரை அவரவர் நேரத்தோடு ஓட்டிப் பார்ப்பதுதான். மச்சானின் ஆசை, ஒரு சுற்றை ஒன்றரை நிமிடத்துக்குள் முடிப்பது.

பதினைந்து கார் வந்திருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் கண்டியிலிருந்து வந்த ஒரு சிங்களவர். ஐம்பது வயது மதிக்கலாம். மச்சானின் கார்தான் அவரிடமும். நிறம் மட்டும் நீலம். வியாபாரத்தில் பழகிய தமிழ் பேசினார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அரக்கைக் காட்டிக் கேட்டார்.

"இது என்ன? வங்கியா?"

"பொஞ்சாதி," என்றார் மச்சான்.

அவர் தலையசைத்தார். அது எந்த மொழியிலும் விளங்கும் போலிருக்கிறது. "பூஸ்ட் எவ்வளவு?"

"எட்டு."

"எட்டு மட்டுமா? ஐயோ! நான் பதினாலு போடுறது."

மச்சானின் முகம் மாறியதைக் கண்டு பாஸ் அவரை ஓரமாக இழுத்தார். "அவர்ர பெற்றோல் வேற, பிஸ்டன் வேற. அவர்ர எஞ்சின் கடல்ல குளிச்சதில்ல. நீ உன்ட எட்டோட போ."

பக்கத்தில் ஒருவர் இருக்கலாம், தலைக்கவசம் கட்டாயம் என்றார்கள். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு, நோட்டும் பென்சிலும் நேரக்கடிகாரமுமாக ஏறினேன். என் வேலை, பூஸ்ட் மீற்றரின் முள் எங்கே எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுவது. முதல் சுற்றில் எழுதியதை இன்றும் என்னால் வாசிக்க முடியவில்லை. இரண்டாம் சுற்றிலிருந்து எழுத்துக்கு உருவம் வந்தது. நேரம்: ஒரு நிமிடம் முப்பத்தைந்து விநாடி. அடுத்தது முப்பத்துநான்கு. அடுத்ததும் முப்பத்துநான்கு. நீலக் கார் ஒரு நிமிடம் இருபத்துநான்கில் போய்க்கொண்டிருந்தது.

பத்தே முக்காலுக்கு நிறுத்தி, எஞ்சினை ஒரு நிமிடம் ஆறவிட்டு, மச்சான் இறங்கி மூடியைத் திறந்தார். பிறகு என்னைச் சத்தமில்லாமல் கூப்பிட்டார்.

"மச்சான், இஞ்ச பாருங்க."

வெயிலும் சூடும் சேர்ந்து அரக்கை இளக்கியிருந்தன. மோதிரத்தின் அச்சு பாதி கரைந்துவிட்டது. விரலால் தொட்டால் பள்ளம் விழுந்தது.

"ஒரு சுத்துத் திருகினாப் பதினொண்டு வரும். ஒரே ஒரு ரவுண்டு. மறுகா திருப்பி வெச்சிட்டு விரலால அமத்தி உட்டா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீங்க எழுதாம இருந்தாச் சரி."

"எழுதாம இருக்க எனக்கு ஏலாது மச்சான். அது ஒரு வருத்தம், காய்ச்சல் மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. "அஞ்சு வருசம், மச்சான்," என்றார். "அஞ்சு வருசம் பாயில வெச்சிப் பாத்த எஞ்சின். அது இவ்வளவுதானா எண்டு தெரியாம ஊட்ட போகச் சொல்றீங்களா?" அவருடைய விரல் குமிழின் மேல் இருந்தது. உடைந்தால் இரும்புக்காரன், உடையாவிட்டால் ஒன்றரை நிமிடம். நான் மரத்தடியைப் பார்த்தேன். தங்கை சிவப்புப் பேனாவை உதறிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல நோட்டப் பாப்பம்," என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பாஸையும் கூப்பிட்டேன்.

நோட்டில் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வந்திருந்தது. நேர்பாதையின் தொடக்கத்தில் ஆறு, ஏழு, எட்டு. பிறகு நடுவில், ஒவ்வொரு சுற்றிலும், பூச்சியம். அதன்பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக ஏறி, எட்டைத் தொடுவதற்குள் பாதை முடிந்துவிடுகிறது.

"காத்துக் கசியிது!" என்றார் மச்சான். "குழாய் ஏதோ வெடிச்சிரிக்கி."

பாஸ் அரை மணித்தியாலம் ஒவ்வொரு குழாயாகத் தடவினார். சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார். புகையைப் பக்கவழியால் திறந்துவிடும் சின்னக் கதவை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சுகமாக இருந்தன. "கசிவு எண்டா எல்லா இடத்திலயும் கசியணுமே. இது ஒரே இடத்தில மட்டும் ஏன் கசியிது?" என்று தலையைச் சொறிந்தார்.

நீலக் காரின் சொந்தக்காரர் தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றார். பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

"நடுவில ஏன் பிரேக் போடுறது? அங்க யாரும் இல்லதானே."

"பிரேக்கா? நான் போடல்லியே."

"போடுறது. சிவப்பு லைட் பத்துறது. ஒவ்வொரு தடவையும்." அவர் கையை நீட்டிக் காட்டினார். ஓடுபாதையின் நடுவில், ஓரமாக, ஒரு பழைய காவலரண். அடுக்கிய மணல்மூட்டைகள், மேலே தகரம், சாயம் போன ஒரு தடுப்புக் கம்பு. உள்ளே ஒருவருமில்லை.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

"பொய்," என்றார் மச்சான். "ஏறுங்க மச்சான். மீற்றரப் பாக்க வேணா. என்ட காலப் பாருங்க."

பார்த்தேன். கார் எட்டு றாத்தலில் பறந்துகொண்டிருந்தது. மணல்மூட்டைகளுக்கு நூறு மீற்றர் இருக்கும்போது, மச்சானின் கால் தானாக எழுந்து பிரேக்குக்கு மாறியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண் நேரே றோட்டில். அரணைத் தாண்டியதும் கால் திரும்பிவந்து அமுக்கியது. ஆனால் டேர்போச் சில்லு ஒருமுறை ஓய்ந்தால் மறுபடி வேகமெடுத்துக் காற்றை அமுக்கச் சில விநாடி எடுக்கும். எங்கள் நேரம் அந்தச் சில விநாடிக்குள்தான் காணாமல் போயிருந்தது.

இறங்கியதும் அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. கூடவே நான் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அதை இப்போது எழுதுகிறேன்: அரணைத் தாண்டும்போது என் வலது கை சட்டைப்பைக்குள், அடையாள அட்டையின் மேல் இருந்தது.

"வுடுங்க, நான் ஓட்டிக் காட்டுறன்," என்று பாஸ் ஏறினார். எங்களைப் பரிகாசம் செய்தபடி ஏறியவர் அவர். நானும் மச்சானும் மரத்தடியிலிருந்து தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அரணுக்கு நூறு மீற்றர் முந்தியே சிவப்பு விளக்கு எரிந்தது. அதோடு நிற்கவில்லை, கண்ணாடியும் இறங்கியது.

தங்கை விடைத்தாள்களை மடித்துவைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"வெள்ளாமை வெட்டுற மெசினே திருத்துற ஆள், கடலுக்குள்ள போன எஞ்சின எழுப்பின ஆள், கெவுமெந்துக் கிளாக்கர். மூண்டு ஆம்புளையும் சேந்து ஒரு ஆளில்லாத மண்மூட்டைக்குப் பயந்திருக்கீங்க. இதுக்குத்தான் எட்டு பத்தாது எண்டு நினைச்சீங்களா?" பிறகு மூடியைத் திறந்து குனிந்து, இளகிய அரக்கையும் அதன்மேல் பதிந்திருந்த கணவரின் விரலடையாளத்தையும் பார்த்தாள். "இதென்ன இது?"

"தொட்டுத்தான் பாத்தன்," என்றார் மச்சான்.

"காக்கா?"

"தொட்டார். திருகல்ல," என்றேன். சாட்சி சொன்னது அவ்வளவுதான்.

குமிழைத் திருகும் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் காலை என்ன செய்வது? அடுத்த இரண்டு சுற்றிலும் மச்சான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்: "ஆருமில்ல, ஆருமில்ல, ஆருமில்ல." வாய் சொன்னது; கால் கேட்கவில்லை. முப்பத்துநான்கு. மறுபடியும் முப்பத்துநான்கு.

அப்போதுதான் பாஸ் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, "டேய் மனே, உனக்கு இப்ப என்ன வேணும் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். ஏற்பாட்டாளர்களிடம் போய்க் கதைத்தார். அவர்கள் ஒரு செம்மஞ்சள் மேற்சட்டையைக் கொடுத்து, மூட்டைகளுக்குப் பின்னால் மட்டும் நிற்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஓடுபாதையின் ஓரமாக நடந்துபோய், அந்தக் காவலரணுக்குள் ஏறி நின்றார். வாழ்க்கையில் முதல்தடவை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார்.

நாங்கள் கிளம்பினோம். வளைவைத் தாண்டி நேர்பாதை. ஆறு, ஏழு, எட்டு. மூட்டைகள் தெரிந்தன. கால் அசையத் தொடங்கியதை நான் கண்டேன். அரணுக்குள் பாஸ் நின்றார். முகம் வேறெங்கோ பார்த்தபடி, அலுப்போடு, மணிக்கட்டை மட்டும் ஒருமுறை பக்கவாட்டில் வீசினார். போ.

அதைக் கண்ட எவருக்கும் அது தெரியும். அட்டை பார்த்தாயிற்று, உன்னில் எனக்கு ஒரு அக்கறையுமில்லை, போ என்கிற வீச்சு. வருடக்கணக்கில் நாங்கள் காத்துநின்றது அந்த ஒரு வீச்சுக்குத்தான்.

மச்சானின் கால் நின்றது. பிறகு தரைவரைக்கும் போனது. முள் எட்டிலேயே ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மூட்டைகள் ஒரு மண்ணிற வீச்சாகப் பக்கத்தால் போயின. மச்சான் ஏதோ கத்தினார். பிறகு கேட்டபோது தான் கத்தவில்லை என்றார். அப்படியென்றால் நான்தான் கத்தியிருக்கவேண்டும்.

ஒரு நிமிடம் இருபத்தொன்பது விநாடி. எட்டு றாத்தலில்.

அடுத்த மூன்று சுற்றும் இருபத்தொன்பதுதான். பாஸ் கையை வீசிக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்த உத்தியோகம் பிடித்துப்போய்விட்டது. நீலக் காருக்கும் வீசினார். எங்களுக்குப் பழக்கமான அந்த வீச்சு கண்டிக்காரருக்கு விளங்கவில்லை, ஏதோ ஆபத்து என்று நினைத்து நேர்பாதையின் நடுவில் பிரேக் அடித்து நின்று, தலையை வெளியே நீட்டி, "என்ன, என்ன?" என்று கேட்டார். பதினாலு றாத்தலும் பூச்சியமாயிற்று. ஏற்பாட்டாளர்கள் ஒலிபெருக்கியில் பாஸைக் கீழே இறங்கச் சொன்னார்கள். ஒருதரம் சொல்லி அவர் இறங்கவில்லை.

மாலை மூன்று இருபதுக்குக் கடைசி ஓட்டம் முடிந்தது. மச்சான் எஞ்சினை ஆறவிட்டு அணைத்தார். வேகம் வந்துவிட்டது, ஆனால் அந்த வெயிலில் எட்டு றாத்தலே கூட என்று பாஸ் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. உள்ளே ஏதாவது உருகியிருந்தால் பிளக்கில் தெரியும். அதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சூடு தணியும்வரை இருந்து, பாஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு துணியின் மேல் வைத்தார். முதலாவது பால் தேத்தண்ணி நிறம். இரண்டாவது, மூன்றாவது அப்படியே. நான்காவதை வெயிலுக்குப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் நெடுநேரம் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பாஸ் அதை என்னிடம் தந்தார். என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு புள்ளியும் இல்லை.

தங்கை அதை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நல்லதா, கெட்டதா?"

"நல்லது டீச்சர். சுத்தமா இரிக்கி," என்றார் பாஸ்.

"அப்ப திருப்பிப் பூட்டுங்க," என்று அதை அவர் கையில் வைத்தாள். "மஃரிபு தொழுகைக்கு முந்தி ஊட்ட போகணும்."